வக்கீல் பில்லுக்கே தனி வக்கீலா?

உங்கள் கேள்வி இது: “அக்கா மகன் லண்டனில் பாரிஸ்டர் படிப்பை முடித்துவிட்டான். ஒரு சேம்பரில் ஒரு வருடப் பயிற்சியும் கிடைத்திருக்கிறது. ஆனால் அங்கே வக்கீல் செலவு பற்றிய தகராறுகளை மட்டும்தான் பார்ப்பார்களாம். கொலை, சொத்து, விவாகரத்து என்று உலகத்தில் எவ்வளவோ வழக்கு இருக்க, வக்கீல் பில்லுக்காகச் சண்டை போட ஒரு பாரிஸ்டரா? இதில் சோறு கிடைக்குமா?”

கிடைக்கும், நன்றாகவே கிடைக்கும். நான் வக்கீல் இல்லை. லண்டனில் பதினோரு வருடம் இந்தப் பில்களைத் தயாரிக்கும் வேலையில் இருந்தவன். அந்த வேலைக்கு அங்கே காஸ்ட்ஸ் டிராஃப்ட்ஸ்மேன் என்று பெயர். உங்கள் அக்கா மகன் மாதிரி ஆட்கள் என் பில்லைக் கிழித்ததையும் பார்த்திருக்கிறேன், காப்பாற்றியதையும் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர்க்காரருக்கு இது வினோதமாகப் படுவதில் ஆச்சரியம் இல்லை. இங்கே தீர்ப்பின் கடைசி வரியில் ‘செலவுத் தொகையுடன்’ என்றோ ‘செலவுத் தொகை இல்லை’ என்றோ எழுதியிருக்கும். அந்தத் தொகை பெரும்பாலும் கோர்ட் கட்டணம், சம்மன் படி, விதிப்படியான வக்கீல் கட்டணம் என்ற அளவோடு நின்றுவிடும். வக்கீலுக்கு நீங்கள் நிஜமாகக் கொடுத்த பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. பொய் வழக்குப் போட்டவரிடம் வசூலிக்கும் ஈட்டுச் செலவுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-ஏ பிரிவு வைத்திருக்கும் உச்சவரம்பு 3,000 ரூபாய். செலவுத் தொகை நிஜச் செலவை ஒட்டி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் நம் சேலம் வழக்கறிஞர் சங்கத்தார்தான். வணிக வழக்குகளில் 2015-க்குப் பிறகு சட்டம் மாறியது. மற்ற சாதாரண சிவில் வழக்குகளில் இன்றைக்கும் பழைய கதைதான்.

இங்கிலாந்தில் அப்படி இல்லை. தோற்றவர், ஜெயித்தவரின் வக்கீல் செலவைக் கட்ட வேண்டும் என்பது அங்கே பொது விதி. கட்ட வேண்டியது ஏதோ ஒரு அடையாளத் தொகை இல்லை, நியாயமாக ஆன செலவு. அப்படியானால் எது நியாயம், எது அநியாயம் என்று யாராவது சொல்ல வேண்டுமே? இந்தத் தொழில் மொத்தமும் அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

முதலில் பில் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். அங்கே கட்சிக்காரரை நேரில் பார்த்து வழக்கைத் தயாரிக்கும் வக்கீல் சொலிசிட்டர், நீதிமன்றத்தில் வாதாடுபவர் பெரும்பாலும் பாரிஸ்டர். சொலிசிட்டர் அலுவலகத்தில் நேரத்தை ஆறு நிமிடத் துண்டுகளாக எழுதுவார்கள். ஒரு துண்டுக்கு ஒரு யூனிட் என்று பெயர். பத்து யூனிட் சேர்ந்தால் ஒரு மணி நேரம். மணிக்கு இவ்வளவு என்று வழிகாட்டி விகிதம் உண்டு. மத்திய லண்டனில் பெரிய வணிக வழக்குகள் பார்க்கும் மூத்த சொலிசிட்டருக்கு 2025-இல் அது 566 பவுண்டு. அதாவது ‘உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி’ என்று அவர் ஒரு மின்னஞ்சல் தட்டினால் 56 பவுண்டு 60 பென்ஸ், வாட் வரி தனி. இப்படி மூன்று வருடம் நடந்த வழக்கில் ஆயிரக்கணக்கான வரிகள் சேரும். அவற்றைத் தேதி, ஆள், வேலை, நேரம் என்று பிரித்து அடுக்குவதுதான் என் வேலையாக இருந்தது.

பில் எதிராளிக்குப் போகும். அவர் 21 நாளுக்குள் ஆட்சேபங்களைப் பட்டியல் போட்டு அனுப்ப வேண்டும். இதற்கு இவ்வளவு நேரமா, இந்த வேலையை ஜூனியர் செய்திருக்கக் கூடாதா, இந்தக் கூட்டத்துக்கு எதற்கு மூன்று பேர் என்ற ரகத்தில் அது இருக்கும். தொகை 75,000 பவுண்டுக்குள் இருந்தால் முதலில் காகிதத்தை மட்டும் பார்த்தே முடிவு சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் போனால் நேரில் விசாரணை. லண்டனில் இதற்கென்றே ஒரு நீதிமன்றப் பிரிவு இருக்கிறது. ஸ்ட்ராண்ட் சாலையில் கோட்டை மாதிரி நிற்கும் ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் வளாகத்தில், தாமஸ் மோர் கட்டடத்தில் அது இயங்குகிறது. அங்கே உட்காருபவர்கள் காஸ்ட்ஸ் ஜட்ஜ்கள். பழைய பெயர் டாக்ஸிங் மாஸ்டர். வருமான வரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, டாக்ஸ் என்றால் அந்தக் காலத்தில் மதிப்பிடுவது என்று பொருள். 1999-இல் புதிய சிவில் நடைமுறை விதிகள் வந்தபோது அந்தச் சொல்லும் போய்விட்டது. வெள்ளை முடித்தொப்பி, அங்கி எதுவும் இந்த அறையில் கிடையாது. மேஜை, நாற்காலி, கால்குலேட்டர் என்று பார்க்க ஆடிட்டர் அலுவலகம் மாதிரி இருக்கும்.

சண்டை எதைப் பற்றி என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பிரையன் மே. குயீன் இசைக்குழுவின் கிதார் கலைஞர்தான். லண்டன் கென்சிங்டனில் பக்கத்து வீட்டில் நிலவறை தோண்டும் சத்தம் தாங்காமல் அவரும் மனைவியும் வழக்குப் போட்டார்கள். எதிர்த்தரப்பு 25,000 பவுண்டு தருகிறோம் என்றது, இவர்கள் ஒப்புக்கொண்டார்கள், வழக்கு ஆரம்பத்திலேயே முடிந்தது. அப்புறம் இவர்களுடைய வக்கீல் பில் வந்தது. 2,08,236 பவுண்டு!

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதைவிட மோசம். 2016-இல் காஸ்ட்ஸ் ஜட்ஜ் வரி வரியாகப் பார்த்து, நியாயமான செலவு என்று சுமார் 99,655 பவுண்டுக்குக் கொண்டுவந்தார். அதோடு விடவில்லை. ‘ஒவ்வொரு வரியும் நியாயமாகவே இருக்கட்டும், மொத்தமாகப் பார்த்தால் இந்தச் சின்ன வழக்குக்கு இது தகுமா?’ என்று இரண்டாவது கேள்வியைக் கேட்டு, வாட் தவிர 35,000 என்று வெட்டினார். மேல்முறையீட்டில் 2017 டிசம்பரில் அது 75,000 ஆனது. ஒரே பில்லுக்கு நான்கு தொகைகள். எந்தத் தொகையில் போய் நிற்கும் என்பது வாதத்தைப் பொறுத்தது. ஒரு காஸ்ட்ஸ் பாரிஸ்டருக்குக் கொடுக்கும் ஃபீஸ் வீண் இல்லை என்று கட்சிக்காரர் நினைப்பது இதனால்தான்.

சரி, டிராஃப்ட்ஸ்மேன் இருக்கிறார், காஸ்ட்ஸ் லாயர் என்று தனி உரிமம் பெற்ற ஒரு வகுப்பே இருக்கிறது, அவர்களும் செலவு விசாரணையில் பேசலாம். பிறகு பாரிஸ்டர் எதற்கு என்று கேட்பீர்கள். சின்னப் பில்லுக்குத் தேவையில்லை, உண்மைதான். தொகை பெரிதாகும்போதும், சட்டக் கேள்வி ஒன்று குறுக்கே நிற்கும்போதும், மேல்முறையீடு போகும்போதும்தான் அவர்களைக் கூப்பிடுவார்கள். அவர்கள் பார்க்கிற பார்வையே வேறு. எனக்கு அது எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த மூன்றாவது வருடம். நான் எழுதிய பில் ஒன்று விசாரணைக்கு வந்தது. எங்கள் பக்கம் மூன்று பெட்டி நிறையக் கோப்புகள். எதிர்ப்பக்கம் ஒரு பெண் பாரிஸ்டர், கையில் மெலிந்த ஒரு ஃபைல். எத்தனை வரியைத் தாக்கப் போகிறாரோ என்று இரவெல்லாம் உட்கார்ந்து பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவர் எந்த வரிக்கும் போகவில்லை. ‘பில்லில் இரண்டாம் வருடத்திலிருந்து மணி விகிதம் ஏறியிருக்கிறது. ஏறியதைக் கட்சிக்காரருக்குத் தெரிவித்த கடிதம் இருக்கிறதா என்று மட்டும் நீதிபதி பார்த்துச் சொன்னால் போதும்’ என்றார்.

நான் பெட்டியைத் துழாவினேன். முதல் வருடத்து ஒப்பந்தக் கடிதம் இருந்தது. அதில், விகிதம் கூடினால் எழுத்தில் தெரிவிப்போம் என்று ஒரு வரியும் இருந்தது. தெரிவித்த கடிதம் மட்டும் இல்லை. சொலிசிட்டர் அலுவலகத்தில் யாரோ கணினியில் விகிதத்தை மாற்றியிருக்கிறார்கள், கட்சிக்காரருக்கு எழுத மறந்திருக்கிறார்கள். நானும் கேட்காமல் பில்லில் ஏற்றிவிட்டேன்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? தன் வக்கீலுக்குத் தான் கொடுக்கக் கடமைப்படாத பணத்தைத் தோற்றவரிடமிருந்து வசூலிக்க முடியாது என்பது 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே வரும் விதி. கட்சிக்காரருக்கு ஏற்றம் தெரியாது, ஆகவே அவர் அதைக் கொடுக்கக் கடமைப்படவில்லை. ஆகவே எதிராளியும் கொடுக்க வேண்டாம். இரண்டு வருடத்து நேரம் முழுவதும் பழைய விகிதத்துக்கு இறங்கியது. பத்தே நிமிடம். நான் இரவெல்லாம் தயாரித்த பதில்களை அதுவரை யாரும் கேட்கவே இல்லை. பிறகு கேட்டபோதும் பலன் இல்லை. அதற்குள் நீதிபதிக்கு எங்கள் பில் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. அதற்குப் பிறகு சந்தேகம் வந்த இடமெல்லாம் எதிர்ப்பக்கம்தான் சாய்ந்தார். சாதாரண அடிப்படையில் நடக்கும் மதிப்பீட்டில் சந்தேகத்தின் பலன் பணம் கட்டுபவருக்குத்தான் என்று விதியே சொல்கிறது.

இதில் இன்னொரு நுணுக்கம். ஜெயித்தவரின் கோப்பில் வக்கீலும் கட்சிக்காரரும் பேசிக்கொண்ட ரகசியங்கள் இருக்கும். நீதிபதி அவற்றைப் பார்க்கலாம். எதிராளி பார்க்க முடியாது. அதாவது அந்தப் பாரிஸ்டர் கோப்பைப் பார்க்காமலே, உள்ளே என்ன இல்லாமல் இருக்கும் என்று ஊகித்திருக்கிறார். இந்தத் தொழிலின் சூட்சுமம் அதுதான். கணக்கு தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு வழக்கு அலுவலகத்துக்குள் எப்படி நகரும், எந்த இடத்தில் சோம்பல் வரும், எதை மறப்பார்கள் என்ற மோப்பம் வேண்டும்.

மக்கள் மத்தியில் பேசப்பட்ட வழக்கு என்றால் கோலின் ரூனி, ரெபெக்கா வார்டி விவகாரம். இருவரும் கால்பந்து வீரர்களின் மனைவிகள். தன் அந்தரங்கச் செய்திகள் வார்டியின் இன்ஸ்டாகிராம் கணக்கு வழியாகப் பத்திரிகைக்குப் போவதாக 2019-இல் ரூனி பகிரங்கமாக எழுதினார். வார்டி அவதூறு வழக்குப் போட்டார், 2022 ஜூலையில் தோற்றார். ஊர் அத்தோடு மறந்துவிட்டது. செலவுச் சண்டை மட்டும் 2025 வரை ஓடியது. ரூனியின் பில் 18 லட்சத்து 33 ஆயிரம் பவுண்டுக்கு மேல். அதில் 90 சதவீதத்தை வார்டி கட்ட வேண்டும், அதுவும் இண்டெம்னிட்டி அடிப்படையில் என்று உத்தரவு. அதாவது இங்கே சந்தேகத்தின் பலன் பணம் வாங்குபவருக்கு.

2024 அக்டோபரில் விசாரணை வந்தபோது வார்டி பக்கத்துப் பாரிஸ்டர் பிடித்த இடம் சுவாரஸ்யமானது. வழக்கு நடக்கும்போது இரு தரப்பும் முன்கூட்டியே நீதிமன்றத்தில் செலவு பட்ஜெட் தாக்கல் செய்ய வேண்டும். ரூனி தரப்பு அப்போது காட்டியது சுமார் 5 லட்சத்து 40 ஆயிரம். கடைசி பில் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். பட்ஜெட்டில் வேண்டுமென்றே குறைத்துக் காட்டினார்கள், இது தவறான நடத்தை, ஆகவே பில்லையே வெட்ட வேண்டும் என்று வாதம். வக்கீல் தங்கிய ஓட்டலில் மினி பார் செலவு வரை நீதிமன்றத்தில் பேசப்பட்டது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டது அந்த மினி பாரைத்தான். தொழிலில் இருந்த நாங்கள் பார்த்தது பட்ஜெட் வாதத்தை. நூலிழையில்தான் என்று சொல்லி, தவறான நடத்தை இல்லை என்று நீதிபதி முடிவு செய்தார். மேல்முறையீடும் தோற்றது. கடைசியில் வட்டியோடு சேர்த்துச் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பவுண்டு கட்ட வார்டி ஒப்புக்கொண்டார். அதற்கு மேல், இந்தச் செலவுச் சண்டைக்கு ஆன செலவு என்று இன்னும் இரண்டு லட்சத்துக்கு மேல் அவர் தலையில் விழுந்தது. ஆமாம், பில்லைப் பற்றிச் சண்டை போட்டதற்கும் ஒரு பில் உண்டு.

இந்தத் துறை இப்படி வளர்ந்ததற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1999-இல் ஒரு சட்டம் வந்தது. அரசின் சட்ட உதவியைப் பல வழக்குகளில் நிறுத்திவிட்டு, ஜெயித்தால்தான் ஃபீஸ் என்ற ஒப்பந்தத்தை ஊக்குவித்தது. ஜெயித்தால் வக்கீல் நூறு சதவீதம் வரை கூடுதல் ஃபீஸ் போடலாம், அதையும் தோற்றவரே கட்ட வேண்டும். காயம்பட்ட ஏழை செலவில்லாமல் கோர்ட்டுக்குப் போகலாம் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் பில் இரட்டிப்பானது. கட்டுகிறவர்கள் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனங்கள், பத்திரிகைகள், அரசு மருத்துவத் துறை. அவர்கள் சும்மா இருப்பார்களா? ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் பிசகினாலும் ஒப்பந்தமே செல்லாது, ஒரு பைசா தர மாட்டோம் என்று ஒவ்வொரு வழக்கிலும் கிளம்பினார்கள். அந்தக் காலத்தைச் செலவுப் போர் என்றே வக்கீல்கள் சொல்வார்கள். இன்றைக்கு மூத்த காஸ்ட்ஸ் பாரிஸ்டர்களாக இருக்கும் பலர் அந்தப் போரில் தேர்ந்தவர்கள்.

அதன் உச்சம் மாடல் அழகி நவோமி கேம்ப்பெல் வழக்கு. போதைப் பழக்கத்திலிருந்து மீளும் கூட்டத்துக்கு அவர் போனதை மிரர் பத்திரிகை 2001-இல் படத்தோடு போட்டது. அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய் 2004-இல் ஜெயித்தார். நஷ்டஈடு 3,500 பவுண்டு. பத்திரிகையிடம் கேட்கப்பட்ட செலவு பத்து லட்சம் பவுண்டுக்கு மேல். 2011 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இந்தக் கூடுதல் ஃபீஸ் முறை கருத்துச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று சொன்னது. ஒரு வக்கீல் பில் மனித உரிமைப் பிரச்சினை ஆன கதை அது.

நீதிபதி ரூபர்ட் ஜாக்சன் 2010-இல் கொடுத்த அறிக்கையின்படி 2013 ஏப்ரலில் எல்லாம் மாறியது. கூடுதல் ஃபீஸை இனிப் பொதுவாகத் தோற்றவரிடம் கேட்க முடியாது, கட்சிக்காரரே தன் நஷ்டஈட்டிலிருந்து கொடுக்க வேண்டும். முன்கூட்டி பட்ஜெட் போடுவதும் அப்போது வந்ததுதான். அந்த வருடமே ஒரு அதிர்ச்சி. ஆண்ட்ரூ மிட்செல் என்ற எம்.பி., சன் பத்திரிகை மேல் போட்ட அவதூறு வழக்கில், அவருடைய வக்கீல்கள் ஏழு நாள் முன்பே தர வேண்டிய பட்ஜெட்டை விசாரணைக்கு முந்தின நாள் பிற்பகலில் கொடுத்தார்கள். 5,06,425 பவுண்டுக்கான பட்ஜெட். தண்டனை: கோர்ட் கட்டணம் தவிர வேறு எதுவும் வசூலிக்கக் கூடாது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் அலுவலகத்தில் தேதிக் காலண்டரைப் பார்க்காமல் யாரும் டீ கூடக் குடிக்கவில்லை. 2014-இல் டென்டன் வழக்கில் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

தோற்றவருக்கும் ஜெயித்தவருக்கும் நடுவில் மட்டும்தான் சண்டை என்று நினைக்காதீர்கள். கட்சிக்காரர் தன் சொந்த சொலிசிட்டரின் பில்லையே எதிர்த்து நீதிமன்றம் போகலாம். 1974-ஆம் ஆண்டு சொலிசிட்டர் சட்டத்தின் 70-ஆவது பிரிவு அதற்கு வழி செய்கிறது. பில் வந்து ஒரு மாதத்துக்குள் கேட்டால் உரிமையாகவே கிடைக்கும். பணம் கட்டி ஒரு வருடம் ஆகிவிட்டால் கதவு மூடிவிடும். இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. பில்லில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தால், விசாரணைச் செலவைச் சொலிசிட்டரே கட்ட வேண்டும். ஆக, 19 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் இடையில் நடக்கிற இழுபறியைப் பார்க்க வேண்டுமே, ஏலச்சீட்டுக் கூட்டம் தோற்றது. 2024 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இது பற்றி முக்கியமான தீர்ப்பு ஒன்று சொன்னது. விபத்தில் காயம்பட்ட ஒருவருக்கு 2,75,000 பவுண்டு நஷ்டஈடு. சொலிசிட்டர் அதிலிருந்து தன் ஃபீஸைப் பிடித்துக்கொண்டு பில்லை அனுப்பினார். பிடித்துக்கொண்டதே ‘பணம் கட்டியது’ ஆகுமா, அந்த ஒரு வருடக் கெடு அன்றிலிருந்து ஓடுமா? ஓடாது, அந்தத் தொகைக்குக் கட்சிக்காரர் சம்மதித்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். எனக்குச் சரியான தீர்ப்பாகவே பட்டது.

எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் ஒரு லட்சம் பவுண்டு வரையிலான பெரும்பாலான வழக்குகளுக்கு நிர்ணயக் கட்டணம் வந்துவிட்டது. அட்டவணையில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான், மணிக்கணக்கு கிடையாது. சின்ன, நடுத்தர பில் எழுதிப் பிழைத்த என் மாதிரி ஆட்களுக்கு அது அடிதான், மறைக்கவில்லை. பாரிஸ்டர்களுக்கு அந்த அளவு அடி இல்லை என்பது என் கணிப்பு. 1999-இலும் இனிமேல் தகராறே இருக்காது என்றார்கள், 2013-இலும் அதையே சொன்னார்கள். விதி மாறும்போதெல்லாம் அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டுப் பத்து வருடம் வழக்கு நடந்தது. எந்த வழக்கு எந்தப் பிரிவில் அடங்கும், எது விதிவிலக்கு என்ற சண்டை இந்த முறையும் தொடங்கியாயிற்று. பெரிய வணிக வழக்குகளில் முதலீட்டாளர்கள் பணம் போட்டு வழக்கு நடத்துவதும், தோற்றால் அந்த முதலீட்டாளரிடமே செலவைக் கேட்பதும் தனி உலகம். 2023 ஜூலையில் பாக்கார் வழக்கில் அந்த ஒப்பந்தங்களில் பலவற்றை உச்ச நீதிமன்றம் செல்லாதவை ஆக்கிவிட்ட பிறகு அங்கே வேலைக்குப் பஞ்சமே இல்லை.

தம்பியிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, அந்தச் சேம்பரில் செலவு மட்டும்தானா, இல்லை விபத்து, மருத்துவக் கவனக்குறைவு, வக்கீல் கவனக்குறைவு வழக்குகளும் சேர்த்துப் பார்க்கிறார்களா என்று விசாரிக்கட்டும். கலந்து பார்ப்பது நல்லது. ஒரு சாட்சி வாக்குமூலம் தயாரிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தானே தயாரித்துப் பார்க்காதவர், மற்றவர் எடுத்த எட்டு மணி நேரம் அதிகம் என்று நீதிபதியிடம் தைரியமாகச் சொல்ல முடியாது. இன்னொன்று, பயிற்சி தொடங்குவதற்கு முன் ஒரு மாதம் எந்தச் சொலிசிட்டர் அலுவலகத்திலாவது பில் பிரிவில் போய் உட்காரட்டும். சம்பளம் கேட்க வேண்டாம். கோப்புகளைப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்கும் வேலையைக் கொடுங்கள் என்று கேட்கட்டும். விகிதம் ஏறியதைத் தெரிவிக்கும் கடிதம் எந்தக் கோப்பில் இருக்கிறது, எதில் இல்லை என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.